மஞ்சள் பூவெல்லாம் டான்டிலியனா? மலைநாட்டில் நாங்கள் கண்டவை

நுவரெலியாவிலிருந்து:

ஏப்ரல் சீசன் வந்தால் என் வாட்ஸ்அப்பில் மஞ்சள் பூப் படங்கள் வந்து குவியும். கிரகரி வாவிக் கரை, குதிரைப் பந்தயத் திடல், ஹக்கலைப் பூங்காவின் புல்தரை, எங்கே போனாலும் அந்தப் பூ கண்ணில் பட்டுவிடும். படத்துக்குக் கீழே "அக்கா, இது டான்டிலியன்தானே?" என்று ஒரு வரி இருக்கும். மேல்நாட்டு வீட்டு முற்றங்களில் பூத்து, ஊதினால் பஞ்சாய்ப் பறக்கிற பூ அது. போனில் உள்ள செயலியும் அதையே சொல்லிவிடுகிறது. நேர் மேலேயிருந்து பூவை மட்டும் எடுத்த படத்துக்கு அது வேறு என்னதான் சொல்லும்?

எனக்கு வந்த படங்களில் பெரும்பாலானவை ஹைப்போகெரிஸ் ராடிக்காட்டா. ஆங்கிலத்தில் கேட்ஸ் இயர் என்பார்கள். ஐரோப்பாப் பக்கத்துச் செடி. குளிர்ந்த மலைகளைக் கண்டால் அங்கே குடியேறிவிடும். நீலகிரியிலும் இது நிறைய உண்டு.

டொரொண்டோவில் இருக்கும் அக்கா மகள் வந்திருந்தபோது வாவிக் கரையில் ஒன்றைப் பறித்தாள். அவளுக்கு அசல் டான்டிலியன் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அங்கே மே மாதம் வீட்டு முற்றமெல்லாம் அதுதானாம். பூவை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. தண்டை நகத்தால் கிள்ளிவிட்டு, "சித்தி, இது அது இல்லை" என்றாள். டான்டிலியன் தண்டு உள்ளே வெறும் குழாய், அங்கே பிள்ளைகள் அதை வாயில் வைத்து ஊதிச் சத்தம் எழுப்புவார்களாம். ஒரு தண்டுக்கு ஒரே பூ, கிளையும் கிடையாது, இலையும் கிடையாது. எங்கள் கையில் இருந்ததோ கம்பி மாதிரி விறைத்த தண்டு. உள்ளே கெட்டி. பாதியில் இரண்டாகப் பிரிந்து இரண்டு பூ வைத்திருந்தது. தண்டில் அங்கங்கே சின்னச் செதில்களும் ஒட்டிக்கொண்டிருந்தன.

அப்புறம் இலை. இரண்டுக்குமே இலைகள் தரையோடு வட்டமாகப் படுத்திருக்கும், அதனால்தான் புல் வெட்டும் மெஷினுக்கு இரண்டும் தப்பிவிடுகின்றன. ஆனால் டான்டிலியன் இலை வழுவழுப்பு, விளிம்பில் உள்ள பற்கள் கூராகப் பின்பக்கம், அதாவது நடுவை நோக்கித் திரும்பியிருக்கும். கேட்ஸ் இயர் இலையில் விரலை வைத்தால் சொரசொரவென்று மயிர் தட்டுப்படும், விளிம்பின் மடல்களும் மொழுக்கையாக இருக்கும். கிள்ளினால் பால் வருகிறதே என்று சிலர் சாதிப்பார்கள். இந்த டான்டிலியன் கூட்டத்தில் எல்லாவற்றிலும் பால் வரும், அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது.

இன்னொன்று, மூடுபனி நாளில் தேடிப் போகாதீர்கள். வெளிச்சம் குறைந்தால் இந்தப் பூக்கள் சுருட்டி மூடிக்கொள்ளும். வெயில் ஏறிய காலைதான் நல்லது. நீங்கள் எங்கே, என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து:

அக்கா சொன்னது புல்தரைக்குச் சரி. தேயிலை மலைக்குள்ளே கதை வேறு.

எங்கள் மலையில் நான் அதிகம் பார்ப்பது சோன்கஸ். இடுப்பளவுக்கு வளரும், தண்டு குழாய்தான். அக்கா சொன்ன தண்டுக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு வந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். ஆனால் தண்டு நெடுக இலை இருக்கும், ஒவ்வொரு இலையின் அடியும் இரண்டு காது மாதிரி தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும். இதிலும் இரண்டு வகை: ஒன்றில் அந்தக் காது கூர்முனையோடு இருக்கும், இலை மங்கல். மற்றதில் காது உருண்டு சுருண்டிருக்கும், இலை பளபளக்கும், விளிம்பு முள் கையைக் குத்தும். மத்தியானத்துக்குள்ளேயே மூடிவிடும் பூ என்பதால், கொழுந்து நிறுக்கிற நேரத்தில் பார்த்தால் மொட்டு என்று நினைப்பீர்கள். எங்கள் அம்மாயி முயல் வளர்த்த காலத்தில் கான் (வடிகால்) ஓரத்தில் இதைத்தான் தேடிப் பிடுங்கிக்கொண்டு வருவார்.

லயத்துப் படிக்கட்டு வெடிப்பிலும் சுவரடியிலும் வருவது யங்கியா ஜப்போனிக்கா. மெல்லிய தண்டு, உச்சியில் பல கிளை, ஒவ்வொன்றிலும் குட்டிப் பூ. பூவின் அகலம் 1 சென்டிமீட்டர் வந்தாலே அதிகம். படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் இதுவும் டான்டிலியன்தான்! பக்கத்தில் ஒரு விரலை வைத்துப் படம் எடுங்கள், சந்தேகம் பறந்துவிடும்.

கவ்வாத்து வெட்டிய மலைக்குப் போனால் இவையெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். செடி மூடியிருக்கும்போது தரைக்கு வெயில் படாது, வெட்டியதும் களை பொங்கிவிடும். 2015ல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்தபோது கையால்தான் புல் வெட்ட வேண்டியிருந்தது. ஆள் பற்றாக்குறையில் சில மலைகள் மஞ்சளாகவே கிடந்தன. பார்க்க அழகுதான், வேலை செய்கிறவர்களுக்கு அழகாகவா இருக்கும்? சுரண்டி போட்டுச் சுரண்டினால் களையோடு மேல்மண்ணும் போய்விடும், அது தனிக் கவலை.

ரோட்டோரத்தில் ஆள் உயரத்துக்குப் பெரிய மஞ்சள் பூ பூத்து நிற்பது காட்டுச் சூரியகாந்தி. அதைக் கூட டான்டிலியன் என்று ஒருவர் போட்டிருந்தார், என்ன சொல்ல!

பட்டிப்பொலவிலிருந்து:

நான் ஹோர்ட்டன் சமவெளிக்கு வேன் ஓட்டுகிறவன். வெள்ளைக்காரர்கள் இறங்கியதும் பாதை ஓரத்தைக் காட்டி "டான்டிலியன்" என்பார்கள், அவர்கள் ஊர்ப் பூவாம். அங்கேயும் நான் கண்டது நுவரெலியா அக்கா சொன்ன கேட்ஸ் இயர்தான்.

ஆனால் சமவெளிக்குள் எதையும் பறிக்கக் கூடாது, 1988லிருந்து அது தேசியப் பூங்கா. தண்டைக் கிள்ளிப் பார்க்கிற வேலையெல்லாம் அங்கே நடக்காது. நான் செய்வது இதுதான்: பாதையை விட்டு இறங்காமல், போனை மல்லாக்கப் பிடித்துப் பூவுக்குக் கீழே நீட்டி, முன்பக்கக் கேமராவால் ஒரு படம் எடுப்பேன். பூவின் அடியில் பச்சைச் செதில்கள் வரிசை வரிசையாக ஒட்டிப் படிந்திருந்தால் கேட்ஸ் இயர். வெளி வரிசை மட்டும் மடங்கிக் கீழே தொங்கினால் டான்டிலியன். இதுவரை தொங்கியது ஒன்றும் என் கேமராவில் விழவில்லை.

சமவெளியில் வேறு மஞ்சளும் உண்டு. முள்ளுப் புதராக, அவரைப் பூ வடிவில் பூப்பது கோர்ஸ். அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான், புல்வெளியைப் பிடித்துக்கொண்டதால் வேரோடு பிடுங்கி அகற்றப் பார்க்கிறார்கள். ஐந்து பெரிய இதழும் நடுவில் கற்றையாக மகரந்தத் தாள்களும் உள்ள குத்துச்செடி ஹைப்பெரிகம். அது நம்முடைய மலையில் இயல்பாகவே வளர்வது, அதைப் பார்க்காமல் களைப் பூவுக்குப் படம் எடுக்கிறார்களே என்று எனக்கு ஆதங்கம்.

பண்டாரவளையிலிருந்து:

எங்கள் வீட்டு மண்மேட்டை ஒரு மஞ்சள் பூக்கொடி முழுசாக மூடிவிட்டது. கிள்ளினால் பால் வரவில்லை. இது எதில் சேர்த்தி?

நுவரெலியாவிலிருந்து:

பால் இல்லை என்றாலே இந்தக் கூட்டம் இல்லை, தங்கச்சி. இலை எதிரெதிராக, மூன்று மடலாக இருக்கிறதா? கணுவுக்குக் கணு வேர் விடுகிறதா? அப்படியானால் வெடிலியா. அழகுக்கு என்று நட்டது, இப்போது ஓடையோரம் எல்லாம் அதுதான். நடுவில் ஒரு வட்டம், சுற்றி இதழ் என்று சூரியகாந்தி அமைப்பு இருக்கும். டான்டிலியன் வகையில் நடு வட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது.

ஹட்டனிலிருந்து:

அந்த நடு வட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாடசாலை மைதானத்துக்குக் கூட்டிப்போய் இந்தப் பூவின் இதழை எண்ணச் சொன்னேன். ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கோடு ஒத்துவரவில்லை, சண்டையே வந்துவிட்டது. பிறகு கைலென்ஸைக் கொடுத்தேன். ஒவ்வொரு "இதழின்" நுனியிலும் ஐந்து குட்டிப் பற்கள், அடியில் தனிச் சூலகம். அதாவது ஒவ்வொன்றும் ஒரு முழுப் பூ, ஐந்து இதழ் ஒட்டி நாக்கு மாதிரி நீண்டது. "அப்ப இது பூக்கூட்டமா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். அன்றைய பாடம் அவனே முடித்துவிட்டான்.

விதையையும் பாருங்கள். ஊதினால் பறக்கிற அந்தப் பஞ்சை லென்ஸில் வைத்தால், டான்டிலியனில் ஒவ்வொரு மயிரும் தனி இழையாக இருக்கும். கேட்ஸ் இயரில் மயிருக்கே பக்கமயிர் இருக்கும், இறகு போல. சோன்கஸில் விதைக்கும் பஞ்சுக்கும் நடுவே காம்பே இருக்காது. டான்டிலியனில் அந்தக் காம்பு நீளம். பூ வாடிய பிறகும் அடையாளம் காண இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மஸ்கெலியாவிலிருந்து:

டான்டிலியன் வேரை வறுத்துக் கோப்பி போடலாம், இலையைக் கீரையாகச் சாப்பிடலாம் என்று யூடியூபில் பார்த்தேன். நம்முடையதைச் சாப்பிடலாமா?

நுவரெலியாவிலிருந்து:

அந்த வீடியோ சொல்வது அசல் டான்டிலியனை. எது என்று தெரியாத செடியை வறுத்துக் குடிக்கப் போகாதீர்கள், தம்பி. தெரிந்தாலும் தேயிலை மலையிலோ மரக்கறித் தோட்டத்து ஓரத்திலோ பிடுங்கியதை நான் வாயில் வைக்க மாட்டேன், எப்போது மருந்தடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? கேட்ஸ் இயரைப் பற்றி இன்னொரு சேதி. அவுஸ்திரேலியாவில் அதை அதிகம் மேய்ந்த குதிரைகளுக்குப் பின்னங்கால் வெட்டி இழுக்கும் ஒரு நோய் வருவதாக மிருக வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். வாவிக் கரையில் குதிரை வைத்திருப்பவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து:

அக்கா, எங்கள் பழைய துரை பங்களாத் தோட்டத்தில் ஒன்று நிற்கிறது. வழுவழு இலை, தண்டு குழாய், தண்டில் இலை இல்லை, ஒரே பூ. போனைக் கீழே நீட்டிப் பார்த்தேன், வெளிச் செதில் கீழே மடங்கியிருக்கிறது.

நுவரெலியாவிலிருந்து:

தொடாதே தம்பி! முதலில் பூ, அடிப்பக்கம், இலை, தண்டு நான்கையும் படம் எடு. பங்களாவில் கேட்டுக்கொண்டு, இரண்டு செடி இருந்தால் மட்டும் ஒன்றை வேரோடு எடுத்து, பழைய பேப்பருக்கு நடுவில் வைத்து மேலே பாரம் ஏற்று. ஈரம் இழுத்த பேப்பரைத் தினமும் மாற்ற வேண்டும். இடம், திகதி, உயரம் மூன்றையும் ஒரு துண்டில் எழுதி உள்ளே வை. பேராதனைப் பூங்காவில் உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைக்கும் தேசிய உலர்தாவரகம் இருக்கிறது, அங்கே காட்டிவிடலாம். பஞ்சு கட்டியிருந்தால் ஹட்டன் டீச்சருக்கும் ஒரு உறையில் போட்டு அனுப்பு.