ஆண் மீனே வாங்கல, ஆனா கப்பி மாசா மாசம் குட்டி போடுது, உதவி பண்ணுங்க

தாம்பரம்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். 2 அடி தொட்டி, 55 லிட்டர் கிட்ட தண்ணி பிடிக்கும், ஸ்பான்ஜ் ஃபில்டர் ஓடுது. பொண்ணு ஆசைப்பட்டான்னு கப்பி வாங்கினோம், பெருகிடக்கூடாதுன்னு கடையில சொல்லி வெறும் பெண் மீனா பாத்துதான் எடுத்தோம். ஆனாலும் மாசா மாசம் குட்டி வந்துகிட்டே இருக்கு, மொதல்ல வந்ததெல்லாம் இப்ப வளந்து சிலதுக்கு வால்ல கலர் கூட வந்துடுச்சு. மொத்தம் நூறு தாண்டியிருக்கும். இப்ப கொஞ்ச நாளா காலையில பாத்தா எல்லாம் மேல வந்து வாயைத் தொறந்துகிட்டு நிக்குது, தண்ணியும் வெள்ளையா கலங்கி இருக்கு. ஆண் இல்லாம எப்படிங்க குட்டி வரும்? அப்பா பக்கத்து ஏரியில விட்டுடலாம்ங்கிறாரு, பொண்ணு அழுவுறா.

கப்பி பிரியன்:
சார், குட்டிய அப்புறம் பாப்போம், இன்னைக்கே தண்ணிய கவனிங்க. இவ்ளோ மீன் போடுற கழிவுல அம்மோனியா ஏறியிருக்கும், ஆக்சிஜனும் பத்தாது, அதான் மேல வந்து மூச்சு வாங்குது. கால்வாசி தண்ணிய மாத்துங்க, நாளைக்கும் அதே மாதிரி. முழுசா மட்டும் மாத்திடாதீங்க. மெட்ரோ வாட்டர்னா குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் விட்டுட்டுதான் ஊத்தணும். ஸ்பான்ஜை குழாய்ல கழுவாதீங்க, கழிவை உடைக்கிற நல்ல பாக்டீரியா அதுலதான் இருக்கு, தொட்டியில எடுத்த பழைய தண்ணியிலயே பிழிஞ்சா போதும். ரெண்டு நாள் தீனியே வேணாம், பெரிய மீன் தாங்கும். காத்து மோட்டார் ராத்திரியிலயும் ஓடட்டும்.

செடித்தொட்டி அக்கா:
கடைக்காரர் தப்பா கொடுக்கல தம்பி. கடையில ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியிலதான கிடக்கும், வரும்போதே சினையாதான் வந்திருக்கும். ஒரு தடவை ஆணோட சேந்துட்டா போதும், அந்த விந்தணுவ பெண் கப்பி உடம்புக்குள்ளயே பல மாசம் சேத்து வெச்சுக்கும், 4 வாரத்துக்கு ஒரு ஈடுன்னு போட்டுகிட்டே இருக்கும். ஆனா இப்ப உங்க தொட்டியில ஆண் இல்லைன்னு சொல்ல முடியாது, வால்ல கலர் வந்த குட்டி இருக்கே அதெல்லாம் ஆண்தான், தாயோடயும் கூடப்பிறந்ததோடயும் சேர ஆரம்பிச்சிருக்கும்.

தாம்பரம்வாசி:
அக்கா இது தெரியவே தெரியாது. அப்ப ஆணையும் பெண்ணையும் பிரிச்சா நின்னுடுமா?

செடித்தொட்டி அக்கா:
உடனே நிக்காது, பெண்ணுங்க இன்னும் சில மாசம் போடும். அதனால ஆணை மட்டும் வெச்சுக்கோங்க, கலரும் அதுலதான் அழகு, பொண்ணுக்கும் பிடிக்கும். அடையாளம் சுலபம்: வயித்துக்கு அடியில இருக்குற துடுப்பு ஆணுக்கு மெல்லிசா குச்சி மாதிரி நீட்டா இருக்கும், பெண்ணுக்கு விசிறியா விரிஞ்சிருக்கும், பின்வயித்துல கருப்பா ஒரு புள்ளியும் தெரியும். 3, 4 வாரத்துலயே பாத்து பிரிச்சுடணும், விட்டா அந்தக் குட்டியே குட்டி போட ஆரம்பிச்சுடும். சந்தேகமா இருந்தா பெண் பக்கமே போடுங்க, ஆண் தொட்டியில ஒரே ஒரு பெண் தப்பி வந்தாலும் மறுபடி மொதல்லேருந்துதான்.

கப்பி பிரியன்:
ஏரி மட்டும் வேண்டவே வேணாம் சார், அப்பாகிட்ட பொறுமையா சொல்லுங்க. கொசுப்புழுவுக்காக அரசாங்கமே விடுதேன்னு கேப்பாரு, ஆனா கப்பி தென் அமெரிக்கா மீன், ஏரியில இறங்குனா நம்ம ஊரு சின்ன மீன்களோட தீனிக்குப் போட்டியா வந்துடும், அதுங்க குஞ்சையும் தின்னும். ஒரு தடவை பரவிட்டா அப்புறம் பிடிச்சு எடுக்கவே முடியாது, யோசிச்சாலே மனசு கேக்கல. கொளத்தூர் பக்கம் நிறைய கடை இருக்கு, போன் பண்ணி கேட்டுட்டு கொண்டு போங்க. கலப்பு கலருக்கு காசு எதிர்பாக்காதீங்க, வாங்கிக்கிட்டாலே போதும். கவர்ல பாதிக்கு மேல காத்து இருக்கட்டும், வெயிலுக்கு முன்னாடி கிளம்புங்க.

தாம்பரம்வாசி:
தண்ணி மாத்திட்டேன் சார், மேல நிக்கிறது கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு. ஒரு ஏஞ்சல் மீன் விட்டா புதுக் குட்டிய தின்னுடும்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு, விடலாமா?

செடித்தொட்டி அக்கா:
தின்னும்தான், ஆனா ஆண் கப்பியோட வாலையும் கடிச்சு கிழிச்சுடும், உங்க தொட்டியோட உயரமும் அதுக்குப் பத்தாது. கடைக்குப் போற வரைக்கும் பெண்ணுங்கள ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்புல காத்து மோட்டாரோட விடுங்க, மேல வலை போட்டு மூடுங்க, கப்பி குதிக்கும்.