மறு: கைத்துப்பாக்கி ‘லோடு’: ‘தோட்டாக்கூட்டு’ என்று வைக்கலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

> லோடு என்றால் சுமை. ‘தோட்டாச் சுமை’ என்று போட்டால் போதாதா?

ஐயா, போதாது என்றே நினைக்கிறேன். நாம் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கும் கட்டுரை அமெரிக்காவின் அரிசோனா மலைப்பாதைகளில் நடப்பவர்களைப் பற்றியது. வழியில் கயோட்டி (சிறிய ஓநாய் போன்றது), பாப்கேட் (குட்டைவால் காட்டுப்பூனை), சாம்பல் நரி போன்ற சிறு கொன்றுண்ணிகள் மேலே பாய்ந்தால் கைத்துப்பாக்கியில் எந்த ‘லோடு’ இருப்பது நல்லது என்று ஒரு பகுதி வருகிறது. அங்கே ‘தோட்டாச் சுமை’ என்று எழுதினால், முதுகுப்பையில் எத்தனை தோட்டா தூக்கிப் போவது என்ற கணக்காகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘லோடு’ என்றே விடலாம் என்றால், அந்தச் சொல்லை நாம் ஏற்கெனவே லாரி மணலுக்கும் செங்கல்லுக்கும் கொடுத்துவிட்டோம்.

பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் ஊசி பட்டதும் பொறி கிளப்பும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. எந்தக் குண்டு, என்ன எடை, என்ன வடிவம், அதன் பின்னால் எவ்வளவு மருந்து என்று இந்த நான்கும் சேரும் குறிப்பிட்ட சேர்மானத்தைத்தான் அவர்கள் லோடு என்கிறார்கள். சித்த மருத்துவத்தில் மருந்துக்கூட்டு என்று சொல்வதைப் போலத்தான் இதுவும்: சரக்கும் அளவும் மாறினால் வேறு கூட்டு. அதனால்தான் ‘தோட்டாக்கூட்டு’ என்று முன்வைக்கிறேன். இடம் தெளிவாக இருந்தால் வெறும் ‘கூட்டு’ என்றே சொல்லிக்கொண்டு போகலாம்.

சொல் தாங்குகிறதா என்று ஓர் உண்மையான இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். .357 மேக்னம், .38 ஸ்பெஷல் என்பவை இரண்டு தோட்டா வகைகளின் பெயர்கள். .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போட்டுச் சுடலாம். இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான். மேக்னத்தின் கூடு மட்டும் மற்றதைவிட 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கூடுதல் நீளம். அழுத்தம் அதிகமான அந்தத் தோட்டா பழைய .38 துப்பாக்கிக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே 1935-இல் அப்படிச் செய்தார்கள். இரண்டிலும் 158 கிரெயின், அதாவது 10 கிராமுக்குச் சற்று மேல், எடையுள்ள குண்டை வைத்தால் .38 வழக்கமான கூட்டில் நொடிக்குச் சுமார் 230 மீட்டர் போகும். மேக்னம் கூட்டில் சுமார் 370 மீட்டர். ஆற்றல் இரண்டரை மடங்கு. துப்பாக்கி அதே, குண்டின் எடை அதே, மாறியது கூட்டு. ‘சுமை’ என்று எழுதியிருந்தால் இந்தப் பத்தி குழம்பியிருக்கும். மென்கூட்டு, வன்கூட்டு என்று கிளைச்சொற்களும் தாமாக வந்து விழுகின்றன.

(கிரெயினை யாரும் ‘தானியம்’ ஆக்கிவிட வேண்டாம். அது எடையலகு, ஏறத்தாழ 65 மில்லிகிராம். பெயரை அப்படியே வைத்துக்கொள்வோம்.)

> எங்கள் பக்கம் குண்டு என்றால் வெடிகுண்டு. துப்பாக்கியிலிருந்து போவதைச் சன்னம் என்றுதான் எழுதுவோம்.

யாழ்ப்பாண நண்பர் சொன்னதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் ‘தோட்டா’ சில சமயம் முழுத் தோட்டா, சில சமயம் பாய்ந்து போன குண்டு மட்டும். ‘குண்டு’ என்றாலோ வெடிகுண்டா துப்பாக்கிக் குண்டா என்று அடுத்த வரியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஈழத்தில் புழக்கத்தில் இருக்கும் சொல் இந்த இரண்டு குழப்பத்தையும் தீர்க்கிறது. முழுமையாக இருந்தால் தோட்டா, பாய்வது சன்னம். ‘ரவை’யை மட்டும் தவிர்ப்போம்: அங்கே அது முழுத் தோட்டா, இங்கே பழைய வழக்கில் சிறு ஈயமணி.

அப்புறம், முனைக் குழிவுள்ள சன்னத்துக்கு ‘டம்டம்’ என்றே வைக்கலாம் என்ற யோசனை. எனக்கு உடன்பாடில்லை. அது கல்கத்தாவுக்கு அருகே டம்டம் படைக்கலச் சாலையில் 1890-களில் செய்த ஒரு குறிப்பிட்ட சன்னத்தின் பெயர். உடலுக்குள் எளிதில் விரியும் சன்னங்களைப் போரில் தடைசெய்தது 1899 ஹேக் பிரகடனம். வேட்டைக்கு அந்தத் தடை கிடையாது. அந்தப் பெயரைப் போட்டால் மலையேறுபவர் ஏதோ போர்க்குற்றப் பொருளை வைத்திருப்பதுபோல் ஆகிவிடும். ‘குழிமுனைச் சன்னம்’ போதும். செம்பு உறை முனையையும் மூடியிருந்தால் ‘முழுவுறைச் சன்னம்’. குழிமுனை தசையில் பட்டதும் விரியும், விரிந்ததால் வேகம் குறைந்து உள்ளேயே நிற்க வாய்ப்பு அதிகம். முழுவுறை அப்படியே ஊடுருவிப் பின்னால் போய்விடக்கூடும். பாதையின் அடுத்த வளைவில் ஆள் வரலாம் என்பதால் இந்த வேறுபாடு வெறும் கலைச்சொல் நுணுக்கம் இல்லை. பாலைநிலக் கயோட்டி பெரும்பாலும் 10 கிலோவை ஒட்டிய விலங்கு, சாம்பல் நரி அதிலும் பாதி. அவற்றுக்குக் கரடிக்கான ஆழம் தேவையில்லை. .38-இல் குழிமுனை மென்கூட்டே போதும். உதைப்பு குறைவு, இரண்டாவது முறை குறி வைப்பதும் எளிது.

பாம்புக்கென்று விற்கும் தோட்டாவில் ஒற்றைச் சன்னத்துக்குப் பதில் 2 மில்லிமீட்டர் மணிகள் இருக்கும். ‘சிதறுகூட்டு’ என்கிறேன். குழலின் உட்புறம் வெட்டியிருக்கும் சுருள்வரிகள் சுழற்றிவிடுவதால் மணிகள் விரைவில் பரவிப்போகும். மூன்று மீட்டருக்குள்தான் பலன். நரிக்கு இதை நம்பக் கூடாது என்று கட்டுரையிலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்றும் கட்டாயம் சேருங்கள். அரிசோனாவில் வெறிநாய்க்கடி நோய்க் கிருமி வௌவால், ஸ்கங்க் (நாற்றநீர் பீய்ச்சும் சிறு விலங்கு), நரி ஆகியவற்றிடையே சுற்றிக்கொண்டிருக்கிறது. பகலில் அச்சமே இல்லாமல் ஆளை நோக்கி வரும் நரி என்றால் முதல் சந்தேகம் அதுதான். சோதனைக்கு மூளைத் திசு வேண்டும். எனவே முடிந்தால் தலையில் சுடக் கூடாது. கடிபட்டிருந்தால் சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவி, உடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும். எந்தக் கூட்டையும்விட இந்த வரிதான் ஓர் உயிரைக் காக்கும். மிளகாய்க்காரத் தெளிப்பானையும் குறிப்பிடுங்கள். பெரும்பாலான நேரம் அதுவே போதும், சுட வேண்டி வராது. தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரியிலிருந்து, அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் சுடுவதற்கான தடை பொதுவாக அப்படியேதான் இருக்கிறது.

‘உள்ளே போகும் ஆழம்’ என்பதற்கு ‘ஊடுருவல்’ வேண்டாம், அது எல்லைச் செய்திக்குப் போய்விட்டது. ‘துளையாழம்’ என்கிறேன். விரிவதற்கு ‘விரிவு’.

மீதி இருப்பது ‘வாட்கட்டர்’. முனை முழுவதும் தட்டையாக இருக்கும், அட்டையில் சுட்டால் காகிதத் துளைக்கருவி போட்டதுபோல் வட்டமாக வெட்டும் ஈயச் சன்னம் அது. ‘தட்டைமுனை’ என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் முனையில் கொஞ்சம் மட்டும் தட்டையான வேறொரு வகைக்கும் அதே சொல் தேவைப்படுகிறது. ‘வட்டவெட்டு’ என்பதும் தோன்றியது. காதுக்கு இன்னும் ஒட்டவில்லை. உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள், அதுவரை கட்டுரையில் ‘வாட்கட்டர்’ என்றே இருக்கட்டும்.

அன்புடன்.