பழைய ரயில் நிலையம், புது சாப்பாட்டுக் கூடம்: கண்ணில் பட்ட கோளாறுகளைப் பகிருங்கள்

கதவிடுக்கு:
திறந்து மூணாவது நாள். நூறு வருஷத்து டிக்கெட் ஹால், அதுக்குள்ள பன்னிரண்டு கடை. தேக்குக் கதவு, பித்தளைப் பிடி, வெளியே நின்னு இழுத்துத் திறக்கிற மாதிரி. ஒரு பாட்டி ரெண்டு கையாலயும் இழுக்கிறாங்க, கதவு அசையல. பின்னாடி வந்த பையன் நிலைப்படியில காலை ஊன்றி இழுத்ததும் ‘புஸ்’ஸுனு காத்து உள்ளே பாய்ஞ்சுது. பாட்டி கழுத்துல இருந்த துண்டு அவங்களுக்கு முன்னாடியே ஹாலுக்குள்ள போயிடுச்சு.

கதவு கெடல. கீலுக்கு எண்ணெய் விட்டும் பார்த்தாங்க. ஹாலுக்கே மூச்சுத் திணறல், அதான் விஷயம். கணக்கு இதோ: ஒரு கடைக்கு எட்டடி ஹூட் (அடுப்புப் புகையை உறிஞ்சுற கூண்டு), அடிக்கு 250 சி.எஃப்.எம். வச்சா 2,000. பன்னிரண்டு கடைக்கு 24,000. அதாவது நிமிஷத்துக்கு 24,000 கன அடி காத்து கூரை வழியா வெளியே போகுது. அதுல 80 சதவீதம், 19,200-ஐயாவது, போன காத்துக்கு ஈடா வெளிக்காத்தைக் கொண்டுவர்ற மேக்கப் ஏர் ஃபேன் உள்ளே தள்ளணும். ஃபேன் மேலேயே இருக்கு. காத்தைச் சூடாக்குற காயில் மட்டும் இணைப்புக் கொடுக்கல. பனிக்காலத்துக் காத்து தலையில கொட்டுதுன்னு சாப்பிடுறவங்க முணுமுணுத்ததும் சுவிட்ச்சை அணைச்சுட்டாங்க. ஹூட் ஃபேன்கள் மட்டும் ஓடிட்டே இருந்துச்சு.

உள்ளே காத்தழுத்தம் 50 பாஸ்கல் குறைஞ்சாலே ரெண்டு சதுர மீட்டர் கதவு மேல பத்து கிலோ சாய்ஞ்ச கணக்கு. பிடி கீலுக்கு எதிர் ஓரத்துல இருக்கிறதால கையில பாதி, அஞ்சு கிலோ. தானா மூடுற ஸ்பிரிங்குக்கு இன்னொரு மூணு கிலோ. பாட்டியால எப்படி முடியும்?

சோதனை சுலபம். டிஷ்யூ தாளைக் கதவிடுக்குல பிடிங்க. லேசா உள்பக்கம் சாய்ஞ்சா சரி, கையை விட்டுப் பிடுங்கிட்டுப் போனா தப்பு. தீர்வும் தெரிஞ்சதுதான்: மேக்கப் ஃபேன் ஓடினாத்தான் ஹூட் ஃபேன் ஓடும்னு இன்டர்லாக் போட்டுக் கட்டிடணும். ரெண்டு சுவிட்ச்சைத் தனித்தனியா விட்டா, குளிருதுன்னு எவராவது ஒருத்தர் ஒண்ணை அணைச்சே தீருவார். கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்கிற கட்டடமா இருந்தா இது கதவோட நிக்காது. புகைக்குழாய்ல மேலே போக வேண்டிய கார்பன் மோனாக்சைடு ஹாலுக்குள்ளேயே இறங்கும்.

தகரக்குழாய்:
கதவிடுக்கு, கணக்கு சரி, தொடங்கிய இடம் தவறு. பன்னிரண்டு கடைக்கும் எதற்கு எட்டடி ஹூட்? காபிக்கும் ஐஸ்கிரீமுக்கும் சாலட்டுக்குமா? எந்தக் கடை எங்கே என்று முடிவு செய்துவிட்டுக் குழாய் தேடியிருக்கிறார்கள். பழைய ஸ்டேஷனில் குழாய் போகும் வழியைத்தான் முதலில் தேட வேண்டும். சமையல்காரர் பட்டியல் எழுதுவது அதற்குப் பிறகு.

நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் பழைய காத்திருப்புக் கூடமான வாண்டர்பில்ட் ஹாலில் 2016-இல் கிரேட் நார்தர்ன் ஃபுட் ஹால் வந்தது. 2020-இல் மூடினார்கள். அதன் பலகையை நினைவுபடுத்திப் பாருங்கள்: ரை ரொட்டி மேல் அடுக்கிய மீன், கஞ்சி, பேக்கரிச் சரக்கு, காபி. எண்ணெய்ச் சட்டிக்கு வேலையே குறைவு. டென்மார்க்குச் சமையல் என்று கொண்டாடினார்கள். 1913-இல் திறந்த கல் கூடத்துக்கு அது பொருந்தியதற்குப் புகையின்மையும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஆய்ஸ்டர் பார் உணவகத்தில் 1997-இல் தீப்பிடித்தபோது கூரையின் குவாஸ்டவினோ வளைவுகள் (மெல்லிய ஓடுகளை அடுக்கிக் கட்டியவை) வெடித்து உதிர்ந்தன. சமையலறைத் தீ ஒரு பழைய கூரையை என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மனதை விட்டுப் போகாத காட்சி வேறு ஓர் ஊரில். மணற்கல் தூண், உச்சியில் செதுக்கிய இலைகள். அதன்மேல் மேலிருந்து ஒரு கறுப்புச் சொட்டு. பத்து நொடி கழித்து இன்னொன்று. கல் அதை மை குடிக்கும் தாளைப் போல உறிஞ்சிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தால், ஹூட் குழாய் பழைய இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஒரு முழம் குனிந்து மறுபக்கம் ஏறுகிறது. அந்தப் பள்ளத்தில் எண்ணெய் தேங்கி, வெல்டிங் வைக்காமல் ஸ்க்ரூ போட்டு இணைத்த மூட்டு வழியே கசிகிறது.

புராதன இரும்புச் சட்டத்தில் துளை போட அனுமதி இல்லை, அதனால் குனிந்தோம் என்பார்கள். குனியலாம். குனிந்த இடத்தில் வடிகுழாயும், திறந்து வழிக்கிற கதவும் வைக்க வேண்டும். 1.5 மி.மீ. இரும்புத் தகடு, மூட்டெல்லாம் வெளிப்பக்கம் இடைவிடாத வெல்டிங், கிடைமட்ட ஓட்டத்தில் மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு, பன்னிரண்டடிக்கு ஒரு துப்புரவுக் கதவு. இவற்றில் எதுவுமே புது விஷயம் இல்லை. ஹூட் வடிகட்டியை 45 பாகைக்குக் குறையாமல் சாய்த்து மாட்டினால்தான் பிடித்த எண்ணெய் தட்டுக்கு வழியும். படுக்கையாக மாட்டினால் அடுப்பிலேயே சொட்டும்.

கறை பட்ட கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் எண்ணெய் இன்னும் உள்ளே இறங்கும். வெள்ளைக் களிமண் பொடியைக் கரைப்பானில் குழைத்து, விரல் பருமனில் அப்பி, பிளாஸ்டிக் தாள் போர்த்தி 24 மணி நேரம் விட வேண்டும். பிறகு தாளை எடுத்துக் காயவிட்டால் களிமண் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று சுற்று ஆகும். முதலில் கண்ணில் படாத மூலையில் செய்து பார்க்க வேண்டும், கல்லுக்குக் கல் குணம் மாறும்.

ரோமில் டெர்மினி ஸ்டேஷனை ஒட்டி 2016-இல் மெர்காத்தோ சென்ட்ராலே என்ற சாப்பாட்டுச் சந்தையைத் திறந்தார்களே, அந்தக் கூடத்துக்குப் பெயரே ‘காப்பா மாட்சோனியானா’. காப்பா என்றால் புகைக்கூண்டு. கட்டடக் கலைஞர் மாட்சோனி 1930-களில் வைத்த சலவைக்கல் கூண்டு நடுவில் நிற்கிறது. எனக்குத் தெரிந்து புகைக்கு முதல் மரியாதை கொடுத்த ஒரே ஸ்டேஷன்.

பாரிஸ் குசினி:
எல்லாரும் காத்தையும் புகையையும் பற்றியே கதைக்கிறியள். சத்தத்தை ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை.

இங்கை பாரிஸ் 13-ஆம் வட்டாரத்திலை ஃபெலிசித்தா எண்ட சாப்பாட்டுக் கூடம் இருக்குத்தானே, 2018-இலை திறந்தது, பொறியியலாளர் ஃப்ரெய்சினே கட்டின பழைய சரக்கு ஸ்டேஷனுக்குள்ளை, ரயில் பெட்டியெல்லாம் உள்ளுக்கு நிக்கும். நான் சொல்ல வாறது அதைப் பற்றி இல்லை, இது வேறை ஊர், வேறை ஸ்டேஷன். மேலை முழுக்கக் கண்ணாடி, கீழை கல்லு, சுவர் ஓடு. கடைக்காரப் பெடியன் இலக்கத்தைக் கூப்பிடுறான். பிரெஞ்சிலை ‘த்ரேஸ்’ எண்டால் 13, ‘சேஸ்’ எண்டால் 16. முன்னெழுத்தை எதிரொலி விழுங்கிப்போடும், மிஞ்சிறது ‘...ஏஸ்’ மட்டும்தான். இரண்டு பேர் ஓடி வந்து ஒரே பீட்சாத் தட்டிலை கை வைச்சினம். ஒருத்தரும் விடேல்லை. சீஸ் நடுவிலை கயிறு மாதிரி இழுபட்டுக்கொண்டு நிக்குது.

கணக்கு விளங்கினால் ஆச்சரியம் இல்லை. 40 மீட்டர் நீளம், 20 அகலம், 15 உயரம் எண்டால் 12,000 கன மீட்டர். கல்லும் கண்ணாடியும் சத்தத்தை உறிஞ்சாது, மொத்த உறிஞ்சல் 500 சதுர மீட்டர் எண்டு வையுங்கோ. எதிரொலி அடங்கிற நேரத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கு: 0.161-ஐ 12,000-ஆலை பெருக்கி 500-ஆலை பிரிச்சால் 3.9 செக்கன். ஒரு சொல்லு நாலு செக்கனுக்குத் தொங்கிக்கொண்டு நிண்டால் அடுத்த சொல்லு எப்பிடிக் கேக்கும்? சனம் கூடக் கூட ஒவ்வொருத்தரும் தன்ரை சத்தத்தைக் கூட்டுவினம். கூரைக்குக் கீழை கம்பியிலை 600 சதுர மீட்டர் உறிஞ்சு பலகை தொங்கவிட்டால் இரண்டு செக்கனுக்கு வரும். சுவரிலை ஒட்ட விடமாட்டினம், தொங்கவிட விடுவினம். பலகையைச் சாப்பாட்டு மேசைக்கு மேலை போடுங்கோ, அடுப்புக்கு மேலை போட்டால் ஆறு மாதத்திலை எண்ணெய் குடிச்சுக் கனத்துப்போம்.

காசு இல்லையெண்டால் இலவச வைத்தியம்: 16-ஐயும் 6-ஐயும் இலக்கப் பட்டியலிலை இருந்து எடுத்துவிடுங்கோ. ‘சிஸ்’, ‘டிஸ்’ எண்டு 6-க்கும் 10-க்கும் இதே சண்டைதான். சாப்பாடு ஆயத்தம் எண்டு காட்டுற பேஜர் குடுக்கிறதெண்டால் அதிர்கிறதைக் குடுங்கோ, கீச்சிடுறதை வேண்டாம்.

எண்ணெய்ப்பொறி:
அண்ணன்மார் எல்லாம் மேலேயே பார்க்கிறீங்க, கொஞ்சம் கீழே பாருங்க. ஞாயிறு மதியம் ஒன்றரை மணி. பாத்திரம் கழுவுற மெஷின் ஒரு சுற்று முடிச்சுத் தண்ணியை விட்டுது. நாலு கடை தள்ளி, காபிக் கடைக்காரப் பொண்ணு காலடியில இருந்த தரை ஜாலி வழியா அது பொங்கி வந்துச்சு, மேல வெள்ளைத் திட்டுத் திட்டா கொழுப்பு மிதக்குது. அந்தப் பொண்ணு பாலை மட்டும்தான் காய்ச்சுறா!

காரணம் சூடு. 60 டிகிரிக்கு மேல தண்ணி வந்தா, பொறியில (கழிவுத்தண்ணியில இருந்து கொழுப்பைப் பிரிச்சுப் பிடிக்கிற தொட்டி) உறைஞ்சு மிதக்க வேண்டிய கொழுப்பு உருகித் தண்ணியோடயே தாண்டிப்போயிடும். நூறு வருஷ வார்ப்பிரும்புக் குழாய் குளிர்ச்சியா இருக்கும், அங்கே போய் மெழுகா உறையும்.

இப்படிக் கூடத்துல கடை எடுக்க யாராவது யோசிச்சா (யாரும் கேட்கல, இருந்தாலும் சொல்றேன்) வாடகை பேசுறதுக்கு முன்னாடி தரையைப் பேசுங்க. டிக்கெட் ஹால் தரையைத் தோண்ட விடமாட்டாங்க, அதுமேல ஒரு பொய்த்தளம் போட்டு அதுக்குள்ள குழாய் ஓட்டுவாங்க. பொய்த்தளம் 20 செ.மீ., குழாய் 5 செ.மீ. போனா மிச்சம் 15. மீட்டருக்கு 2 செ.மீ. சரிவுன்னா ஏழரை மீட்டர்தான் ஓடும். உங்க சிங்க் அதுக்கு மேல தள்ளி இருந்தா பம்ப் வச்சுத்தான் தள்ளணும், பம்ப் கரண்ட் போனா நிக்கும், நின்னா என்ன ஆகும்னு மேலேயே சொல்லிட்டேன். ஃபிலடெல்ஃபியா ரீடிங் டெர்மினல்ல 1893-லயே சந்தைக்குன்னு திட்டம் போட்டுக் கட்டினாங்க, தண்டவாளம் மேல, சந்தை கீழ, அதுக்கும் அடியில நிலவறை. 1984-ல ரயில் நின்ன பிறகும் சந்தை நிக்காம ஓடுது. டிக்கெட் வித்த ஹாலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பொறி கடைக்கு ஒண்ணா, பொதுவா ஒண்ணான்னு கேளுங்க. பொதுன்னா யார் வழிக்கிறது, எப்போ வழிக்கிறதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதுங்க. மேலே மிதக்கிற கொழுப்பும் அடியில படியிற கசடும் சேர்ந்து ஆழத்துல கால் பங்கு ஆனதும் எடுத்துடணும், அதைத் தாண்டினா பொறி இருந்தும் இல்லாத கணக்குத்தான். ஒரு குச்சியை விட்டு அளந்தாலே தெரியும். தட்டுகளைக் கழுவுறதுக்கு முன்னாடி காகிதத்தால துடைச்சாலே பொறி நிறையுற நாள் தள்ளிப்போகும்.

அப்புறம் கரண்ட். கேஸ் பெரும்பாலும் தரமாட்டாங்க. 32 ஆம்பியர் மூணு ஃபேஸ்னு பெருமையா சொல்வாங்க, அது 22 கிலோவாட்தான். நாலு குழி இண்டக்ஷன் 14, ஆவியும் சூடும் சேர்ந்த பத்துத் தட்டு காம்பி ஓவன் 18, ஒரு பொரியல் சட்டி 9, பாத்திர மெஷின் 9: ஐம்பது ஆச்சு. மத்தியான நெரிசல்ல பிரேக்கர் விழும், விழுந்ததும் முதல்ல ஆறிப்போறது எண்ணெய். ஆறின எண்ணெய்ல போட்ட உருளைக்கிழங்கு எண்ணெயைக் குடிச்சுத் தொளதொளன்னு வரும். ஒண்ணு, காலை எட்டு மணிக்கே ஓவன் வேலையை முடிச்சு, மிச்சத்தை மாத்தி மாத்தி ஓட்டுங்க, இல்லேன்னா 63 ஆம்பியராவது கேளுங்க. திறந்த பிறகு கேட்டா கேபிள் இழுக்க வழியே இருக்காது, சுவர் முழுக்கப் பாதுகாக்கப்பட்ட ஓடு.

ஓடுன்னதும் ஞாபகம் வருது. போர்ச்சுகல் போர்த்தோல சாவ் பெந்த்தோ ஸ்டேஷன்ல 2024-ல டைம் அவுட் மார்க்கெட் திறந்தாங்க. அந்த ஸ்டேஷன் முன்கூடத்துல இருபதாயிரம் நீலப் பீங்கான் ஓடு. சாப்பாட்டுக் கடைகளை அந்தக் கூடத்துக்குள்ள விடல, பக்கவாட்டுச் சிறகுல வச்சாங்க. கேபிள் இழுக்கிறவனுக்கு அது பெரிய புண்ணியம்.

ஆவிச்சட்டி:
எண்ணெய்ப்பொறி, இண்டக்ஷன் 14-ன்னா சின்ன அடுப்பு. 20-ம் உண்டு. கணக்கைக் கூட்டிப் போடுங்க.

என் பங்குக்கு ஒண்ணே ஒண்ணு. உயரமான கூரைக்குக் கீழே சாதாரண ஸ்மோக் டிடெக்டர் உதவாது, சுவருக்குச் சுவர் ஒளிக்கற்றை ஓடுற பீம் டிடெக்டர்தான் வைப்பாங்க. ஆவியில வேகுற டம்ப்ளிங் கடை. எட்டடுக்குப் பாத்திரம் மூடியைத் தூக்கினதும் ஆவி நேரே மேலே போய்க் கற்றையை மறைச்சுது. அலாரம். ஐநூறு பேர் கையில தட்டோட பிளாட்பாரத்துல. ஒருத்தர் மட்டும் சாஸ் கிண்ணத்தை எடுக்க உள்ளே திரும்பிப் போனார். கற்றையை அந்தக் கடைக்கு நேர் மேலே ஓடாம நகர்த்தணும், ஆவிக்கடைக்கும் ஹூட் வேணும். எண்ணெய் இல்லாத சமையலுக்கு ஹூட் வேண்டாம்னு சொல்ற தகரக்குழாய் இதையும் சேர்த்துக்கணும்.

தகரக்குழாய்:
காபி, ஐஸ்கிரீம், சாலட் என்றுதான் எழுதினேன். டம்ப்ளிங் என்று எழுதவில்லை.

பாரிஸ் குசினி:
அண்ணை, ரை ரொட்டிக் கடை எண்டாலும் ரொட்டியைச் சூடாக்க ஒரு ஓவன் இருக்கும்தானே. அதின்ரை வெப்பம் எங்கை போறது?

கதவிடுக்கு:
சண்டையை நிறுத்துங்கப்பா. பாதி ஹூட்டை அணைச்சுப் பார்த்தாங்க, பாட்டி கதவு லேசாச்சு, ஆனா வறுவல் வாசனை பிளாட்பாரம் வரைக்கும் போச்சு. கடைசியில காயிலை இணைச்சு, 18 டிகிரிக்குச் சூடாக்கின காத்தை விட்டதும் டிஷ்யூ தாள் லேசா உள்பக்கம் சாய்ஞ்சு நின்னுது. இதை வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு, எல்லா அடுப்பும் எரியும்போது சோதிக்கணும். காலைல பத்து மணிக்கு யார் சோதிச்சாலும் கதவு நல்லாத்தான் திறக்கும்.