புதுப்பிப்பு: ஏற்காட்டில் எங்கள் சபையின் புதுக் கோயில், பணமும் அனுமதியும்

ஏற்காட்டில் எங்கள் சின்னக் கிறிஸ்தவச் சபைக்குப் புதுக் கோயில் கட்டப் பணம் சேரவில்லை, மாதச் சந்தா பாதிகூட வரவில்லை என்று போன வருஷம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, "சந்தாவை விடுங்கள், காணிக்கையை அறுவடையோடு சேருங்கள்" என்ற யோசனைதான். எங்கள் ஆட்களில் பலர் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். பழம் பறிக்கும் மாதங்களில்தான் கையில் காசு புழங்கும். பொருத்தனைக் கவரை, அதாவது நேர்ந்துகொண்ட காணிக்கையைப் போட்டுத் தரும் உறையை, ஜனவரிக்கு மாற்றினோம். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில் நடந்த ஏலத்தில் ஒரு மலைவாழைத் தார் நாலு கை மாறியது. எடுத்தவரெல்லாம் திரும்ப ஏலத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கடைசியில் எடுத்த பாட்டி அங்கேயே சீப்புச் சீப்பாகப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

எதிர்பாராதது அனுமதி விஷயம். வழிபாட்டுக் கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தெரியும். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழும் வருகிறது என்பது பிளான் போட்ட பிறகுதான் உறைத்தது. அதனால் சரிவை வெட்டிச் சமமாக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, இரண்டு மட்டமாக மாற்றி வரைந்தோம். பிளானுக்கு இரண்டு தடவை கூலி, வீண் செலவு. நீங்கள் முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் வரையச் சொல்லுங்கள்.

அஸ்திவாரம் முடிந்தது. மழை விட்டதும் சுவர்.