மாஸ் என்பதற்கு 'இலைப்பாசி'

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஈரச் சுவரிலும் பாறையிலும் பச்சையாகப் படரும் சிறு செடியான மாஸுக்கு (moss), 'பாசி' என்ற சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று நம் குழுவின் ஐயா ஒருவர் நேற்றைய மடலில் கேட்டிருந்தார். எனக்கும் போன வாரம் வரை அதே எண்ணம்தான். டெர்பிஷயர் இறகு மாஸ் பற்றிய குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது மனம் மாறியது.

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், சுண்ணாம்புப் பாறைமேல் ஓடும் ஒரேயொரு நீரோடையில் மட்டும் வாழும் இனம் அது. சில சதுர மீட்டர் பாறைதான் அதன் மொத்த உலகம். யாரும் மிதித்துவிடக் கூடாது, பெயர்த்துவிடக் கூடாது என்று அந்த இடத்தையே வெளியில் சொல்வதில்லை. 'அழிவின் விளிம்பில் இறகுப்பாசி' என்று தலைப்பிட்டு அக்காவிடம் கொடுத்தேன். "பாசி போனால் குளம் சுத்தமாகுமே, இதற்கு ஏன் வருத்தம்?" என்றார். தமிழாசிரியராக இருந்தவர். அவரையே வழிதவறச் செய்கிறது என்றால் குற்றம் சொல்லில்தான்.

இந்த ஒரு சொல் எத்தனைப் பொருளைத்தான் சுமக்கும்? குறுந்தொகையின் 399ஆம் பாட்டில் கை பட்டால் விலகி, எடுத்தால் மறுபடி மூடிக்கொள்ளும் பாசி, ஊருணி நீரில் மிதப்பது. பள்ளிப் பாடநூலில் பாசி என்றால் ஆல்கா, அதாவது உண்மையான இலையும் தண்டும் இல்லாத எளிய உயிரி. குருமாவுக்குத் தாளிக்கும் கல்பாசியோ பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் லைக்கன். மாஸுக்கென்று மிஞ்சியது எதுவுமில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் கிணற்றடிச் சுவர் ஐப்பசி மழைக்குப் பச்சை போர்த்திக்கொள்ளும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அரிசி நீளம்கூட இல்லாத தண்டு, அதைச் சுற்றி அடுக்கடுக்காக இலைகள், உச்சியில் மயிரிழை போன்ற காம்பில் மூடியிட்ட குப்பி. சித்திரையில் கருகிக் கிடந்த அதே சுவரில் ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்தேன். சுருண்டிருந்த இலைகள் சில நிமிடங்களில் விரிந்தன! உண்மையான வேர் கிடையாது. பெரும்பாலும் ஒற்றைச் செல் தடிமனே உள்ள அந்த இலைதான் நீரை நேராக உறிஞ்சுகிறது. ஓடை நீரில் நஞ்சு கலந்தால் அதுவும் அதே வழியாக உள்ளே போய்விடும். இந்தச் செடியின் பிழைப்பும் ஆபத்தும் இலையில் இருப்பதால் 'இலைப்பாசி' என்கிறேன்.

மாஸுக்கு 'நிலப்பாசி' என்று சொல்லலாம் என்ற பரிந்துரை காதுக்கு இனியது. ஆனால் ஓடைக்குள் நனைந்து வாழும் டெர்பிஷயர் இனத்துக்கு அது பொருந்தாது. மாஸுக்கு உறவான ஈரலுருத் தாவரங்களிலும் (liverworts) இலையுள்ளவை உண்டே என்பீர்கள். உண்டு. அவற்றுக்குத் தனிப்பெயர் ஏற்கெனவே இருப்பதால் குழப்பம் வராது.

நமக்கு இதில் பழைய கடன் ஒன்றும் இருக்கிறது. புதுச்சேரித் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய பெரோத்தே நீலகிரியில் திரட்டிய மாஸ்களை பிரெஞ்சுத் தாவரவியலாளர் மோந்தாஞ் 1842இல் விவரித்து வெளியிட்டார். நம் மலைச் செடிகளுக்கு லத்தீனில் பெயர் வந்து 180 ஆண்டுகள் கடந்துவிட்டன. தமிழில் குழுப்பெயரே இன்னும் உறுதியாகவில்லை.

டெர்பிஷயர் இனத்தை 'இறகு இலைப்பாசி' என்று பிரித்து எழுதுவதா, 'இறகிலைப்பாசி' என்று புணர்த்துவதா? சேர்த்தால் இறகு போன்ற இலை என்று பொருள் திரிகிறது. இறகுபோல் இருப்பது அதன் கிளையமைப்பு. பிரித்து எழுதவே விரும்புகிறேன். புதுச்சேரி நண்பர்கள் என்ன சொல்கிறீர்கள்?