ரேடியேட்டர்ல போர் தண்ணி: இன்னும் எத்தனை பேர் இன்ஜின் போகணும்?

கெடிலக்கரை:
இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டர்ல ஊத்துற கூலன்ட்டைப் பத்தி நேத்து இங்க அம்பாசடர்காரன் ஐயா எழுதினதைப் படிச்சேன். "கூலன்ட் எல்லாம் பனி பெய்யற நாட்டுக்காரனுக்கு. கடலூர்ல பனியா பெய்யுது? போர் தண்ணியே போதும், கம்பெனிக்காரன் காசு புடுங்கறான்." அதுக்குக் கீழ வரிசையா "சரியா சொன்னீங்க ஐயா"னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. படிச்சதுல இருந்து மனசு ஆறல.

நானும் அந்தப் பேச்சைக் கேட்டவன்தான். மஞ்சக்குப்பம் வீட்டு போர் தண்ணியை ரெண்டு வருஷம் ஊத்தினேன். 2022 மே மாசம் கல்வராயன் மலைக்கு சவாரி. கச்சிராயபாளையம் தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் சூடு காட்டுற முள் சிவப்புக்குப் போயிடுச்சு. ஓரம் கட்டறதுக்குள்ள இன்ஜின் மேல்பாகம், அதான் சிலிண்டர் ஹெட், கெட்டுப்போச்சு. வண்டியில ஒரு குடும்பம், கைக்குழந்தை. ரெக்கவரி வண்டி வர ராத்திரி ஆச்சு.

ஹெட்டைக் கழட்டி மெக்கானிக் என் கண்ணு முன்னாடி வெச்சாரு. தண்ணி ஓடுற துவாரம் எல்லாம் வெள்ளையா அடைச்சிருந்துச்சு. ஸ்க்ரூடிரைவரால சுரண்டினா சுண்ணாம்பு மாதிரி உதிருது. ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா உள்பக்கம் பால் காபி நுரை, ஆயில்ல தண்ணி கலந்த அடையாளம். மொத்தச் செலவு 41,000 ரூபாய். மூணு வாரம் சவாரி இல்ல. இதைத் தெரிஞ்சுகிட்டு அடுத்தவனுக்குப் புத்தி சொல்லுங்க.

அம்பாசடர்காரன்:
தம்பி, நான் ஸ்டீயரிங் புடிச்சப்ப நீ பொறந்திருக்கவே மாட்ட. 1986 மாடல் அம்பாசடர், முதுநகர்ல இருந்து திருப்பதி, பழனி, வேளாங்கண்ணின்னு போகாத ஊர் இல்ல. ஊத்தினது எங்க வீட்டுத் தண்ணி. ஒரு நாள் நடுரோட்டுல நின்னதில்ல.

கூலன்ட் டப்பாவைத் திருப்பிப் படி. பாதி கூலன்ட், பாதி தண்ணின்னு போட்டிருக்கான். கம்பெனிக்காரனே தண்ணி ஊத்துன்னு சொல்றான். நான் சொன்னா மட்டும் தப்பா?

கெடிலக்கரை:
எந்தத் தண்ணி ஐயா? டப்பாவுல எந்தத் தண்ணின்னு போட்டிருக்கான்? அதையும் படிச்சுச் சொல்லுங்க. காய்ச்சி வடிச்ச தண்ணி. பேட்டரிக்கு ஊத்துறோமே, அது. உங்க முதுநகர் போர் தண்ணி இல்ல.

அம்பாசடர்காரன்:
தண்ணின்னா தண்ணிதான். பாதி தண்ணி. நீயே ஒத்துகிட்ட.

பிஒய் ஒண்ணு:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. சாதாரணத் தண்ணி கூலன்ட்டை விட அதிகமா சூட்டை இழுக்கும், அது அறிவியல். அந்த மட்டும் ஐயா சொல்றது சரி.

கெடிலக்கரை:
அது உண்மைதான், நான் மறுக்கல. தண்ணி சூட்டை நல்லாவே இழுக்கும். ஆனா அந்தத் தண்ணி ஓடணும்ல? அடைச்ச குழாய்க்குள்ள எதைக் கொண்டுபோய் இழுக்கும்?

கூலன்ட்டுல மூணு வேலை இருக்கு. பனி ஊர்ல உறையாம காக்கறது ஒண்ணு. அது நமக்கு வேண்டாம், சரி. ரெண்டாவது கொதிநிலை. பாதிக்குப் பாதி கலந்தா சும்மாவே 106, 107 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ரேடியேட்டர் மூடி போடுற அழுத்தத்துல இன்னும் மேல போகும். மூணாவதுதான் முக்கியம்: துரு புடிக்காம காக்குற மருந்து. இன்னைக்கு வண்டியில ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் அலுமினியம், அதுக்கு ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி. உப்புத் தண்ணி அலுமினியத்தை அரிக்கும். ஐயாவோட அம்பாசடருக்கு இன்ஜினோட அடிப்பாகமான பிளாக் இரும்பு, ஹெட் இரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். அது தாங்கிச்சுன்னு இதுவும் தாங்குமா? அந்த வண்டி உற்பத்தியே 2014-ல நின்னுபோச்சு.

அம்பாசடர்காரன்:
அம்பாசடரைப் பத்திப் பேச உனக்கு அருகதை இல்ல. நின்னுபோனது கம்பெனிதான், என் வண்டி இன்னும் ஓடுது. உன் வண்டி எங்க நின்னுச்சு? கச்சிராயபாளையத்துல. ஊரே படிச்சிருக்கு, நீயே எழுதியிருக்க.

வில்லியனூர் வண்டி:
ஸ்கூல் வேன் ஓட்டறவ சொல்றேன். ஏசில இருந்து சொட்டுற தண்ணியைப் புடிச்சு வெச்சு அதைத்தான் ஊத்தறேன். அதுல உப்பே இல்ல, காசும் இல்ல. இதுக்கு எதுக்கு இவ்வளவு சண்டை?

கெடிலக்கரை:
அக்கா, உப்பு இல்லதான். ஆனா ஏசிக்குள்ள இருக்குற குளிர் காயில் மேல படிஞ்ச தூசி, அழுக்கு எல்லாம் சேர்ந்துதான் சொட்டுது. துரு மருந்தும் அதுல கிடையாது. அவசரத்துக்கு ஊத்துங்க, வேணாங்கல. அதையே வழக்கமா வெச்சுக்காதீங்க. புள்ளைங்க ஏறுற வண்டி.

வில்லியனூர் வண்டி:
புள்ளைங்க ஏறுற வண்டின்னு எனக்கு நீங்க சொல்லித்தர வேணாம். பதினொரு வருஷமா ஒரு புள்ளைக்குக் கீறல் இல்லாம கொண்டுபோய் விடறேன்.

புது ஓட்டுநர்:
அண்ணன்மாரே, நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி மூணு மாசம். இந்திரா காந்தி சிலை சிக்னல்ல நின்னா முள் மேல ஏறுது. வண்டி ஓட ஆரம்பிச்சா தானா இறங்கிடுது. சனிக்கிழமை அம்மாவை திருவண்ணாமலை கூட்டிட்டுப் போகணும். போலாமா? சூடா இருக்கும்போது மூடியைத் திறந்து தண்ணி இருக்கான்னு பாக்கலாமா?

வில்லியனூர் வண்டி:
தம்பி, சூட்டுல மூடியில கையே வெக்காத! ஆவி மூஞ்சியில அடிக்கும். வண்டி நல்லா ஆறட்டும், அப்புறம் திற. நின்னா ஏறி ஓடினா இறங்குதுன்னா முதல்ல ஃபேன் சுத்துதான்னு பாரு.

கெடிலக்கரை:
தம்பி, முன்னாடி வெச்சிருந்தவன் என்ன தண்ணி ஊத்தினான்னு கேளு. அங்கதான் விஷயம் இருக்கு.

அம்பாசடர்காரன்:
எதுக்கெடுத்தாலும் தண்ணி. தம்பி, இன்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம தடுக்குற தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி எறி. நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்ல. நான் எல்லா வண்டியிலயும் முதல் வேலையா அதைத்தான் கழட்டுவேன்.

லேத்துப்பட்டறை:
ஐயா, வயசுக்கு மரியாதை குடுத்துச் சொல்றேன், இதை மட்டும் சொல்லிக்குடுக்காதீங்க. வால்வு இல்லன்னா இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். அதுவரைக்கும் பெட்ரோல் அதிகமா குடிக்கும், தேய்மானமும் அதிகம். சில இன்ஜின்ல வால்வைக் கழட்டினா தண்ணி ரேடியேட்டருக்கே முழுசா போகாம குறுக்கு வழியில சுத்தும், இன்னும் சூடாகும். என் பட்டறைக்கு ஹெட் வர்ற வண்டியில பாதிக்கு இந்த தெர்மோஸ்டாட் வால்வு இருக்காது. "மெக்கானிக் வேணாம்னு கழட்டிட்டாரு சார்"னு சொல்வாங்க.

அம்பாசடர்காரன்:
ஹெட்டு கெட்டாத்தான் உனக்குப் பொழப்பு. நீ ஏன் பேசமாட்ட?

லேத்துப்பட்டறை:
கெடக்கூடாதுன்னுதான் ஐயா சொல்றேன். கெட்டா எனக்குத்தானே வருமானம்?

பிஒய் ஒண்ணு:
நான் கவனிச்ச வரைக்கும் கடலூர்க்காரங்கதான் வண்டியை இப்படிப் பாழாக்கறீங்க. பாண்டில இந்தப் பிரச்சினை இல்ல.

கெடிலக்கரை:
பாண்டி என்ன சொர்க்கமா? கடல் உங்களுக்கும் அதே தூரம்தான். உப்புக்காத்து முள்ளோடை எல்லையில நின்னு சீட்டு வாங்கிட்டா வருது?

பிஒய் ஒண்ணு:
முள்ளோடைன்னு சொன்னதும் ஞாபகம் வருது. பெட்ரோல் விலை கம்மின்னு தினமும் எங்க பங்க்ல வரிசையில நிக்கறது யாரு? டிஎன் 31 நம்பர் போட்ட உங்க கடலூர் வண்டிங்கதான்.

கெடிலக்கரை:
ஆமா, வருவோம். காசு குடுத்துத்தான் போடறோம், ஓசியில இல்ல. வரி கம்மின்னு பாண்டி விலாசத்துல பதிவு பண்ணிட்டு வருஷம் பூரா தமிழ்நாட்டு ரோட்டுல ஓடுற பிஒய் வண்டி எத்தனைன்னு நானும் எண்ணட்டுமா?

வில்லியனூர் வண்டி:
கூலன்ட்ல ஆரம்பிச்சு எல்லைத் தகராறுக்குப் போயிட்டீங்க. ஃபெஞ்சல் புயல்ல தண்ணிக்குள்ள நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜினை உடைச்சவங்க எங்க தெருவுலயே நாலு பேர். அப்ப யாராவது வந்து "சாவியைத் திருப்பாதே, முதல்ல கட்டி இழு"ன்னு சொன்னீங்களா?

கெடிலக்கரை:
அக்கா, 2024 நவம்பர் 30 ராத்திரியே நான் இங்க எழுதினேன். காத்து இழுக்குற வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிருந்தா, சாவியைத் திருப்பின உடனே பிஸ்டனைத் தாங்குற கனெக்டிங் ராடு வளைஞ்சிடும்னு. மேல தேடிப் பாருங்க. அன்னைக்கும் ஐயாதான் "ரெண்டு தடவை செல்ஃப் அடிச்சா தண்ணி வெளிய வந்துடும்"னு பதில் போட்டாரு. இன்னும் மறக்கல நான்.

அம்பாசடர்காரன்:
என் வண்டிக்கு அப்படித்தான் வெளிய வந்துச்சு. பழசைக் கிளறாத. கேட்டதுக்குப் பதில் சொல்லு. கூலன்ட்ல பாதி தண்ணியா, இல்லையா?

கெடிலக்கரை:
எந்தத் தண்ணி? அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.

கேன் தண்ணி ஊத்தறவங்க இருக்காங்க, ஏசி தண்ணி ஊத்தறவங்க இருக்காங்க, குழாய்த் தண்ணி, போர் தண்ணி. எல்லாத்தையும் ஒரே வார்த்தையில போட்டுக் குழப்பறதுதான் உங்க தந்திரம். சரி, ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டுல போர் தண்ணி கொதிக்க வெக்கற பாத்திரம் இருக்குல்ல? அதோட உள்பக்க அடிப்பாகத்தைப் படம் புடிச்சுப் போடுங்க. உள்ள வெள்ளையா படிஞ்சிருக்குமே, அதேதான் என் ஹெட்டுல இருந்துச்சு. அடுப்புல ஒரு மணி நேரம் கொதிக்கறதுக்கே அப்படின்னா, நாள் பூரா 90 டிகிரில சுத்துற இடத்துல என்ன ஆகும்?

இன்னொண்ணு, ரெடி கூலன்ட் விக்குது. தண்ணியே கலக்க வேணாம், அப்படியே ஊத்தலாம். நிறத்தைப் பாத்து வாங்காம வண்டி புத்தகத்துல போட்டிருக்கற வகையைப் பாத்து வாங்கணும். பச்சையையும் சிவப்பையும் கலந்துட்டா சிலது கூழ் மாதிரி ஆயிடும்.

அம்பாசடர்காரன்:
எங்க வீட்டுப் பாத்திரம் உனக்கு எதுக்கு? நாப்பது வருஷம் அந்தத் தண்ணியைத்தான் குடிச்சேன். எனக்குள்ள அடைப்பு இல்ல.

புது ஓட்டுநர்:
அண்ணே, அக்கா சொன்ன மாதிரி வண்டியை நிறுத்தி ஓடவிட்டுப் பாத்தேன். முள் ஏறியும் ஃபேன் சுத்தல. ஏசி போட்டும் சுத்தல. ஃபியூஸ் டப்பா எங்க இருக்கும்?

அம்பாசடர்காரன்:
பாத்தியா? ஃபேன்! தண்ணி மேல பழியைப் போட்டியே.

கெடிலக்கரை:
படம் எங்க ஐயா?