வில்லங்கம் வேண்டாம்: நகர பட்ஜெட்டில் 'என்கம்பரன்ஸ்' தமிழில் எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

நம் குழு தமிழில் தொகுக்கும் நகர பட்ஜெட் சொற்பட்டியலில் நியூயார்க் பகுதியை நான் எடுத்துக்கொண்டேன் அல்லவா, முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லில் மூன்று வாரமாக நிற்கிறேன்: என்கம்பரன்ஸ் (encumbrance), அதாவது ஆணை கொடுத்தாயிற்று, பணம் இன்னும் போகவில்லை என்ற நிலையில் கட்டுண்டு நிற்கும் தொகை. பழைய பட்டியலில் அதற்கு 'வில்லங்கம்' என்று இருக்கிறது. போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஈ.சி. கேட்டால் கைக்கு வருவது வில்லங்கச் சான்றிதழ்தானே. ஆங்கிலத்தில் நிலத்துக்கும் பட்ஜெட்டுக்கும் ஒரே சொல். ஆனால் தமிழில் வில்லங்கம் எப்போதோ கெட்டுப்போன சொல். 'துப்புரவுத் துறை: வில்லங்கம் 40 லட்சம் டாலர்' என்று அட்டவணையில் பார்த்தால், படிப்பவர் ஊழல் செய்தி என்றுதான் நினைப்பார்.

பொருள் என்ன என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இந்தக் குழுவில் பாதிப் பேர் மென்பொருள்காரர்கள். பொருள் பிடிபடாமல் சொல் தேடினால் பழைய கதைதான்.

நியூயார்க்கின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. ஜனவரியில் மேயர் முதல்நிலை பட்ஜெட்டை வைப்பார். மார்ச்சில் நகர மன்றம் துறைவாரியாகக் கூட்டம் போட்டு ஆணையர்களைக் கேள்வி கேட்கும். ஏப்ரல் கடைசிவாக்கில் மேயர் அதைத் திருத்தி நிர்வாக பட்ஜெட் என்று மறுபடி வைப்பார். அப்புறம் பேரம். நூலகத்துக்கு இவ்வளவு, பூங்காவுக்கு இவ்வளவு என்று இழுபறி நடந்து, ஜூன் முடிவதற்குள் மேயரும் மன்றத்தின் சபாநாயகரும் கைகுலுக்குவார்கள். அந்தக் கைகுலுக்கலே அங்கே ஒரு சடங்கு. பிறகு 51 உறுப்பினர்களின் மன்றம் வாக்களிக்கும். 2025 நிதியாண்டுக்கு இப்படி நிறைவேறியது 11,240 கோடி டாலர்.

மன்றம் துறைக்கு மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு துறையும் பல ஒதுக்கீட்டு அலகுகளாகப் பிரிந்திருக்கும்: சம்பளம் தனி, சம்பளமல்லாத மற்றச் செலவு தனி. நம் சொல் பிறப்பது இந்த இரண்டாவது வகையில்தான்.

உப்பை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் சாலைப் பனியை அள்ளுவதும் உப்பு தூவுவதும் துப்புரவுத் துறையின் வேலை. (இந்தச் செலவுக்கு நகரச் சாசனத்திலேயே ஒரு சூத்திரம் இருக்கிறது: முந்தைய ஐந்து ஆண்டுகளின் உண்மைச் செலவின் சராசரி. 'இந்த வருஷம் பனி கம்மியாகத்தான் இருக்கும்' என்று எந்த மேயரும் ஜோசியம் சொல்லிக் குறைக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த சட்டப்பிரிவு இது.) கணக்குக்கு, உப்பு வாங்க 100 டாலர் ஒதுக்கீடு என்று வைத்துக்கொள்வோம். அக்டோபரில் 40 டாலருக்கு உப்பு கேட்டு ஆணை போகிறது. உப்பு இன்னும் வரவில்லை. பில் வரவில்லை. ஒரு காசு வெளியே போகவில்லை. ஏட்டில் 100 அப்படியே இருக்கிறது, ஆனால் துறை துணிந்து செலவழிக்கக்கூடியது 60-தான். மிச்சம் 40 செலவும் இல்லை, இருப்பும் இல்லை. அந்த 40-தான் என்கம்பரன்ஸ்.

நகரத்தின் செலவுகளை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கும் 'செக்புக் என்.ஒய்.சி.' தளத்துக்குப் போனால் இது கண்ணெதிரே தெரியும். நிறைவேறிய தொகை, திருத்திய தொகை, பிரீ-என்கம்பர்ட், என்கம்பர்ட், ரொக்கச் செலவு என்று வரிசையாகப் பத்திகள். பிரீ-என்கம்பர்ட் என்றால் கோரிக்கை எழுந்துவிட்டது, ஆணை இன்னும் போகவில்லை என்ற கட்டம். பழைய பட்டியலை நம்பினால் இதற்கு 'முன்வில்லங்கம்' என்று எழுத வேண்டும்!

இத்தனை கறார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1975-ஐ ஞாபகப்படுத்துகிறேன். அன்றாடச் செலவுகளை, கடன் வாங்கி நடத்தும் மூலதன பட்ஜெட்டுக்குள் ஒளித்து, வராத வரவை வந்துவிடும் என்று எழுதி, நகரம் திவாலின் வாசல்வரை போனது. அந்த அக்டோபரில் ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி கடைசி நேரத்தில் கடன்பத்திரங்களை வாங்கச் சம்மதித்துத்தான் காப்பாற்றியது. முறையான கணக்கியல் நெறிப்படி வரவும் செலவும் சரிக்குச் சரி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். முதலில் 'முடக்கிய தொகை' என்று எழுதினேன். வங்கிக்கணக்கை முடக்கியதுபோல யாரோ தண்டித்த வாடை வந்தது, அடித்துவிட்டேன். அப்புறம் என் அப்பத்தா ஞாபகத்துக்கு வந்தார். சந்தைக்குப் புறப்படும்போது பால்காரருக்குக் கொடுக்க வேண்டியதை முந்தானையில் தனியாக முடிந்துகொள்வார். கத்தரிக்காய் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த முடிச்சு அவிழாது. பணம் அவரிடம்தான் இருக்கிறது, ஆனால் அவருடையது இல்லை. ஆகவே 'முடிந்த தொகை' என்று எழுதினேன். எழுதி வாசித்தால், தீர்ந்துபோன தொகை என்று பொருள் வருகிறது. எனவே என் முன்மொழிவு: முடிச்சுத் தொகை. வினை, முடிச்சிடுதல். பிரீ-என்கம்பர்டுக்கு முன்முடிச்சு.

அடித்து நொறுக்குங்கள்.

*

அண்ணா, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

வில்லங்கத்தை எடுத்ததற்கு நன்றி. ஆனால் எங்கள் பக்கம் பட்ஜெட்டைப் பாதீடு என்று எழுதிப் பழகியவர்களுக்கு முடிச்சு கொஞ்சம் கதைபோலக் கேட்கிறது. கடப்பாடு என்ற நல்ல சொல் கையில் இருக்கையில் முந்தானைக்குப் போவானேன்? உப்புக்கு ஆணை கொடுத்த அந்தக் கணமே நகரத்துக்கு ஒரு கடப்பாடு வந்துவிட்டது. 'கடப்பாட்டுத் தொகை' என்றால் கணக்காய்வாளரும் புரிந்துகொள்வார், பள்ளிக்கூடப் பிள்ளையும் புரிந்துகொள்ளும்.

இன்னொன்று, விளையாட்டாகத்தான்: முடிச்சு சரி என்றால் கிழி ஏன் கூடாது? பாண்டியன் தன் சந்தேகத்தைத் தீர்ப்பவருக்கென்று மண்டபத்தில் தொங்கவிட்ட பொற்கிழி இதேதானே? பணம் ஒதுக்கியாயிற்று, கைமாறவில்லை. பாட்டில் குற்றம் கண்டதும் கொடுப்பது நின்றது. தருமி பட்ட பாடு, பில் பாஸாகாத ஒப்பந்தக்காரரின் பாடு.

*

கிழி வேண்டாம் அம்மா. 'இந்தத் துறை எவ்வளவு கிழித்தது' என்று தலைப்புப் போடுவார்கள்.

நான் ஒரு நகராட்சியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி சொல்லும் அந்த 40-ஐ எனக்கு நன்றாகத் தெரியும், பெயர்தான் தெரியாது. நாங்கள் அதைப் பென்சிலில் எழுதுவோம். ஒதுக்கீட்டுப் பதிவேட்டில் பணி ஆணை போனதும் தொகையைப் பென்சிலில் குறித்து, மிச்சத்தையும் பென்சிலில் போடுவோம். பில் பாஸான பிறகுதான் பேனா. எந்த விதியிலும் இது கிடையாது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் செய்தார், நானும் செய்தேன்.

ஒரு வருடம் நான் மருத்துவ விடுப்பில் இருந்தபோது புதிதாக வந்த பையன், ஏடு அழுக்காக இருக்கிறதே என்று பென்சில் எழுத்தை எல்லாம் ரப்பரால் சுத்தமாக அழித்து வைத்துவிட்டான். மார்ச் மாதம். மிச்சம் நிறைய இருக்கிறது என்று அதே ஒதுக்கீட்டுத் தலைப்பில் இன்னொரு மழைநீர் வடிகாலுக்கும் பணி ஆணை போய்விட்டது. முதல் ஒப்பந்தக்காரர் வேலையை முடித்து, எம்-புக்கில் (முடிந்த வேலையின் அளவைக் குறிக்கும் ஏட்டில்) அளவும் ஏறி, பில்லோடு வந்தால் தலைப்பில் காசு இல்லை. ஜூன்வரை தினமும் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிக்க மாட்டார்.

நியூயார்க்கில் ஒப்பந்தம் கையெழுத்தானால் மட்டும் போதாது, நகரக் கணக்குத் தலைவரான கம்ப்ட்ரோலர் பதிவு செய்தால்தான் செல்லும், அதற்கு 30 நாள் அவகாசம் என்று படித்தேன். ஒதுக்கீட்டில் செலவாகாத, வேறெதற்கும் கட்டுப்படாத பணம் இருக்கிறதா என்பதும் அவர் பார்க்க வேண்டியவற்றில் ஒன்றாம். அதாவது அழிக்க முடியாத பென்சில். எங்களுக்கு அது இருந்திருந்தால் அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

முடிச்சுக்கு என் ஆதரவு. ஆனால் ஒரு எச்சரிக்கை. பில் பாஸாகித் தொகையை விடுவிப்பதற்கு முடிச்சவிழ்ப்பு என்பீர்கள். அதைச் செய்யும் அதிகாரி யார்? முடிச்சவிழ்க்கி! எங்கள் ஊரில் இது பலமான வசவு. 'போடா முடிச்சவிக்கி' என்றால் கைகலப்பு நிச்சயம்.

*

ஐயா, இரண்டு நாளாக அந்த முடிச்சவிழ்க்கியை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த வசவே எனக்குச் சாட்சி. அடுத்தவர் முடிச்சை அவிழ்ப்பவன் திருடன் என்றால், முடிச்சுக்குள் இருப்பது தொடக்கூடாத பணம் என்பது தமிழில் ஏற்கெனவே நிலைத்த கருத்து. அந்தப் புதுப் பையன் ரப்பரால் செய்ததும் அதுதானே, பாவம், தெரியாமல்.

கடப்பாடு பற்றி: தங்கை சொல்வது தவறில்லை. ஆனால் கடப்பாடு வாக்கைக் குறிக்கிறது, அந்த வாக்குக்காக எடுத்துவைத்த பணத்தைக் குறிக்கவில்லை. பணமே ஒதுக்காமலும் ஒரு நகரம் கடப்பாட்டில் மாட்டிக்கொள்ளலாம்; மேலே சொன்ன இரண்டாவது வடிகால் அப்படித்தான். அந்த வேறுபாட்டைக் காப்பாற்ற இரண்டு சொல் வேண்டும். ஆகவே கமிட்மென்ட்டுக்குக் கடப்பாடு, என்கம்பரன்ஸுக்கு முடிச்சுத் தொகை. அப்போது ஐயாவின் கதையை ஒரே வரியில் சொல்லலாம்: முடிச்சில்லாமல் கடப்பாடு ஏற்றுவிட்டார்கள்.

ஒதுக்கீடு, ஒதுக்கம் என்பவற்றை இதற்கு இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மன்றம் செய்வது ஒதுக்கீடு. முடிச்சு அதற்குள் துறை போடுவது.

விடுவிப்புக்கு 'முடிச்சவிழ்ப்பு' போடாமல் 'முடிச்சு விடுவிப்பு' என்று எழுதிவிடலாம், வசவும் மிஞ்சாது. இன்னொரு சிக்கல் பாக்கி. நியூயார்க்கின் பொது நிதியில் ஜூன் 30-க்குள் பொருளோ சேவையோ வந்து சேராத முடிச்சுகள் ஆண்டுமுடிவில் தாமாகவே செல்லாமல் போய்விடும். யாரும் அவிழ்ப்பதில்லை, அதுவாகவே போகிறது. இதற்குக் 'காலாவதி' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். மருந்துச் சீட்டுபோல இருக்கிறது. முடிச்சு 'கழன்றது' என்று எழுதினால் அசட்டையாகக் கட்டியதுபோல ஆகிவிடுமோ?

*

தம்பி, 'கழன்றது' வேண்டாம். காலாவதி இருக்கட்டும், அரசாணையில் பழகிய சொல். முடிச்சுத் தொகையைப் பட்டியலில் ஏற்றுங்கள். குறிப்புப் பத்தியில் 'பென்சில் தொகை' என்றும் அடைப்புக்குறிக்குள் போட்டு வையுங்கள், என் ஆசைக்கு.